ஒரே நாரை, ஒரு முறை 12, ஒரு முறை 9: சலூன் நடுவர் மார்க் போடும் விதம்

கேள்வி இது. கூந்தன்குளத்தில் எடுத்த மஞ்சள் மூக்கு நாரைப் படம் ஒரு சலூனில் நேச்சர் பிரிவில் 15க்கு 12 வாங்கி அக்செப்ட் ஆனது. இரண்டு மாதம் கழித்து அதே ஃபைல் இன்னொரு சலூனில் 9 வாங்கி வெளியே போனது. முதல் சலூனில் கட்-ஆஃப் 11, இரண்டாவதில் 10. படத்தில் ஒரு நாரை அலகில் குச்சியோடு கூட்டில் இறங்குகிறது, துணை கழுத்தை நீட்டி வாங்கப் போகிறது. கீழ் இடது மூலையில் ஓட்டுக் கூரையின் ஓரமும் ஒரு டிஷ் ஆன்டெனாவில் பாதியும் தெரிகின்றன. நடுவர்கள் எதைப் பார்த்துத்தான் மார்க் போடுகிறார்கள்?

சலூன் என்றதும் முடிதிருத்தகம் ஞாபகம் வருபவர்களுக்கு ஒரு வார்த்தை: புகைப்படக்காரர்கள் வட்டத்தில் கண்காட்சியோடு சேர்ந்த போட்டிக்கு அதுதான் பெயர். சர்வதேச சலூன்கள் பெரும்பாலும் 1950-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தொடங்கிய ஃபியாப் (சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு), 1934-ல் அமெரிக்காவில் தொடங்கிய பி.எஸ்.ஏ. (அமெரிக்கப் புகைப்படச் சங்கம்) ஆகிய அமைப்புகளின் அங்கீகாரத்தோடு நடக்கும். இந்தியாவில் எஃப்.ஐ.பி. என்ற இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பின் அங்கீகாரமும் உண்டு. பிரிவு எது, அதில் எது செல்லும், எது செல்லாது என்பதெல்லாம் இந்த அமைப்புகள் வகுத்த விதிகள்தான். அதற்கு மேல் நடுவரின் கண்.

முதலில் அறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மூன்று நடுவர்கள், சில இடங்களில் ஐந்து பேர். இருட்டறை, பெரிய திரை அல்லது பெரிய மானிட்டர், ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டன் பெட்டி. எடுத்தவர் பெயர் திரையில் வராது. ஒருவர் என்ன அழுத்தினார் என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஒருவர் ஒரு பிரிவுக்கு நான்கு படங்கள் வரை அனுப்பலாம் என்பது வழக்கம் என்பதால், 500 பேர் கலந்துகொண்டாலே ஒரு பிரிவில் 2,000 படம் சேர்ந்துவிடும். படத்துக்கு 8 வினாடி வைத்தால் 16,000 வினாடி, அதாவது கிட்டத்தட்ட நாலரை மணி நேரம். இது ஒரே ஒரு பிரிவுக்கான கணக்கு. நேச்சர், கலர், மோனோக்ரோம், டிராவல் என்று நான்கு பிரிவு இருந்தால் இரண்டு நாள் போய்விடும். ஆகவே முதல் சுற்றில் யாரும் உங்கள் படத்தை ஆற அமரப் பார்ப்பதில்லை. அந்த எட்டு வினாடியில் நடுவரின் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: இது உள்ளே வருமா, வராதா?

1 முதல் 5 வரை மார்க் போடும் முறையில் எண்களுக்குப் பொதுவாகக் கொள்ளப்படும் பொருள் இப்படி இருக்கும். 1 என்றால் பிரிவுக்கே பொருந்தவில்லை. 2 என்றால் பலவீனமான படம். 3 இரண்டுங்கெட்டான். 4 என்றால் எடுக்கலாம். 5 என்றால் பதக்கத்துக்கு இன்னொரு முறை பார்க்க வேண்டும். மூன்று நடுவர்களின் மார்க்கையும் கூட்டினால் அதிகபட்சம் 15. சில சலூன்களில் 1 முதல் 9 வரை இருக்கும், தர்க்கம் மாறாது. ஆரம்பிக்கும் முன் ஐம்பது அறுபது படங்களை மார்க் போடாமல் வேகமாக ஓட்டிக் காட்டுவது நல்ல பழக்கம். இந்த வருடக் குவியலின் தரம் எங்கே நிற்கிறது என்று நடுவர்களுக்குப் பிடிபடும். அப்படிக் காட்டாத இடத்தில் முதல் நூறு படங்களுக்கு விழும் மார்க்கும் கடைசி நூறுக்கு விழும் மார்க்கும் ஒரே தராசில் நிறுத்தியவையாக இருக்காது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மூன்று நடுவர்களுக்கும் சம அதிகாரம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நடுவர் பயந்த சுபாவம், எல்லாவற்றுக்கும் 3 அல்லது 4. இரண்டாமவர் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் 3. மூன்றாமவர் 1 முதல் 5 வரை முழு அளவையும் பயன்படுத்துகிறார். ஒரு படம் 3, 3, 5 வாங்கி 11 ஆகிறது. இன்னொன்று 4, 3, 2 வாங்கி 9 ஆகிறது. முடிவை எடுத்தவர் மூன்றாமவர் மட்டுமே. எல்லாவற்றுக்கும் 3 போடுபவர் அறையில் உட்கார்ந்திருந்தும் ஓட்டுப் போடாதவர்தான். இதனால்தான் அனுபவமுள்ள சலூன் தலைவர்கள் ஆரம்பத்திலேயே ‘மூன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் சாயுங்கள்’ என்று சொல்லிவிடுவார்கள்.

மார்க்குக்கும் முன்னால் வருவது தகுதி. நேச்சர் பிரிவுக்கு ஃபியாப், பி.எஸ்.ஏ., பிரிட்டனின் ராயல் போட்டோகிராஃபிக் சொசைட்டி மூன்றும் 2014-ல் ஒரு பொது வரையறையை ஏற்றுக்கொண்டன. அதன் சாரம்: படம் இயற்கை வரலாற்றின் ஒரு பகுதியைக் காட்ட வேண்டும், விஷயம் தெரிந்த ஒருவர் அது என்ன உயிர் என்று அடையாளம் கண்டு, நேர்மையாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லும்படி இருக்க வேண்டும். அழகைவிடக் கதைக்கே முதலிடம், ஆனால் தொழில்நுட்பத் தரமும் குறையக் கூடாது. கிராப் செய்வதை, அதாவது ஓரங்களை வெட்டுவதைத் தவிர, படத்தில் எதையும் சேர்க்கவோ நகர்த்தவோ மாற்றவோ நீக்கவோ கூடாது. சென்சார் தூசி, டிஜிட்டல் நாய்ஸ் போலக் கேமரா சேர்த்தவற்றை அகற்றலாம். வீட்டு விலங்குகள், தோட்டத்தில் வளர்த்த செடிகள், மனிதன் உருவாக்கிய கலப்பினப் பூக்கள், பாடம் செய்த உடல்கள் எதுவும் செல்லாது. ஆராய்ச்சிக்காக மாட்டிய கால் வளையமும் ரேடியோ காலரும் செல்லும். வைல்ட்லைஃப் என்ற உட்பிரிவு இன்னும் இறுக்கம். அங்கே உயிரினம் சுதந்திரமாக, தன் வாழிடத்தில் இருக்க வேண்டும். உயிரியல் பூங்காவில் எடுத்த புலி நேச்சரில் தப்பலாம்; வைல்ட்லைஃபில் முடியாது. மலை, பாறை, பனிப்பாறை மட்டும் உள்ள நிலக்காட்சியும் வைல்ட்லைஃபுக்குள் வராது.

மனிதன் சம்பந்தப்பட்ட பொருட்கள் பற்றிய விதிதான் இந்த நாரைப் படத்தின் உயிர்நாடி. மனிதனின் சுவடு இருக்கக் கூடாது என்பது பொது விதி. அது இயற்கைக் கதையின் ஒரு பகுதியாக இருந்தால் விலக்கு உண்டு. மனிதன் மாற்றியமைத்த சூழலுக்குப் பழகிக்கொண்ட உயிர்களுக்கு உதாரணமாக அந்த வரையறையே சொல்லும் பறவைகள் இரண்டு: கூகை, நாரை. கூந்தன்குளத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடைக்காது. நாங்குநேரி பக்கத்தில் உள்ள அந்த ஊரில் நாரைகள் தெருவோர மரத்திலும் வீட்டு முற்றத்து மரத்திலும் கூடு கட்டுகின்றன. ஊர்க்காரர்களும் அவற்றை விரட்டுவதில்லை. ஆகவே ஓட்டுக் கூரை நேச்சர் படத்தில் வரலாமா என்றால் தாராளமாக வரலாம். ஆனால் எப்படி வருகிறது என்று நடுவர் பார்ப்பார்.

உங்கள் படத்தில் கூரையின் ஓரம்தான் தெரிகிறது, ஆன்டெனாவில் பாதிதான் தெரிகிறது. ஒரு நடுவர் அதை ‘ஊருக்குள் கூடு கட்டும் பறவை’ என்று வாசிப்பார். இன்னொருவர் ‘மூலையில் அசிங்கம், கவனிக்காமல் விட்டுவிட்டார்’ என்று வாசிப்பார். இரண்டுமே நியாயமான வாசிப்பு. ஏனென்றால் படமே தன் பக்கத்தை முடிவு செய்யவில்லை. முழுக் கூரையும், அதற்கு மேலே மரத்தில் கூடும், முடிந்தால் வாசலும் தெரியும்படி விரிவாக எடுத்திருந்தால் அது கதை. கீழிருந்தும் இடமிருந்தும் கிராப் செய்து ஆன்டெனாவை வெளியே தள்ளியிருந்தால் அது பறவையின் நடத்தையை மட்டும் காட்டும் சுத்தமான படம். நடுவில் நிற்பதுதான் 3 மார்க்கை வரவழைக்கும். ஆன்டெனாவைக் குளோன் செய்து, அதாவது பக்கத்துப் பகுதியை நகலெடுத்து மேலே பூசி, அழிக்கத் தோன்றும். நேச்சரில் அதைச் செய்தால் தகுதி நீக்கம். அதே படத்தைப் பொருளுக்குக் கட்டுப்பாடு இல்லாத ஓபன் கலர் பிரிவில் போடுவதானால் அழிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அங்கே போட்டி வேறு. குச்சி கொண்டுவரும் நாரையின் கதைக்கு அங்கே தனி மதிப்பு கிடையாது. வண்ணம், வடிவமைப்பு, தாக்கம் மட்டும்தான் பேசும்.

பிரிவு மாறினால் தராசே மாறும் என்பதற்கு இன்னொரு உதாரணம். மதுரைப் பக்கக் கிராமங்களில் ஆலமரத்துக்கு இடையே காலை வெயில் கதிர் கதிராக இறங்க, புழுதி கிளம்ப ஆட்டு மந்தையோடு கிழவர் நடந்து வரும் படம் பல சலூன்களில் உலவுகிறது. ஏற்பாடு செய்து, ஆட்டை ஓட்டி, புழுதி கிளப்பி எடுத்தாலும் ஓபன் கலரில் அதற்குத் தடையில்லை. டிராவல் பிரிவிலும் போட்டோஜர்னலிசம் பிரிவிலும் பி.எஸ்.ஏ. விதி தெளிவாக இருக்கிறது: புகைப்படத்துக்காகவே ஏற்பாடு செய்த நிகழ்ச்சி, சொல்லிக்கொடுத்து நடிக்க வைத்தவர், கூலிக்கு அமர்த்தியவர் செல்லாது. அந்தக் கிழவர் ஐந்து பேருடைய படத்தில் ஐந்து விதக் கோலுடன் வந்தால் நடுவருக்குப் புரிந்துவிடும். டிராவலில் இன்னொரு கண்ணியும் உண்டு. முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்தால் எந்த ஊர் என்று அடையாளம் தெரியும் சூழல் படத்தில் இருக்க வேண்டும். வெறும் சுருக்கம் விழுந்த முகம் டிராவல் ஆகாது. மோனோக்ரோமில் தவறுவது எளிது: முழுப் படத்துக்கும் ஒரே சாயல் கொடுத்தால் அது மோனோக்ரோம், கறுப்பு வெள்ளைப் படத்தில் குடையை மட்டும் சிவப்பாக விட்டால் அது கலர்.

சரி, தகுதி உண்டு, படம் திரையில் வந்துவிட்டது. எட்டு வினாடியில் கண் என்ன செய்யும்? முதலில் வெளிச்சமான இடத்துக்கு ஓடும். அதன் பிறகு முகம், கண். அடுத்து விளிம்புகள். இந்த வரிசை விருப்பு வெறுப்பைச் சேர்ந்ததல்ல, கண்ணின் பழக்கம். உங்கள் நாரையில் வெளிச்சமான இடம் இறக்கையின் வெள்ளை. நண்பகல் வெயிலில் அந்த வெள்ளை எரிந்துபோய் இறகின் கோடுகள் தெரியாவிட்டால் கண் அங்கேயே சிக்கிக்கொள்ளும். குச்சி கைமாறும் இடம், அதாவது இரண்டு அலகும் சந்திக்கும் இடம்தான் கதை. அங்கே போய்ச் சேர இரண்டு வினாடி தாமதமானால் படத்தின் பலத்தில் கால்வாசி போச்சு. பறவைப் படத்தில் கண்ணில் ஃபோகஸ் இல்லையென்றால் மேற்கொண்டு பேச்சே இல்லை, 2. கண்ணில் ஒளிப்புள்ளி இருந்தால் உயிர் வரும். இல்லாவிட்டால் பொம்மை போலத் தெரியும். இறக்கை நுனி சட்டத்தில் வெட்டுப்பட்டிருக்கிறதா என்று மூன்றாவது நொடியில் நடுவர் பார்த்துவிடுவார். முழுதாக உள்ளே இருக்கலாம், தாராளமாக வெட்டலாம். நுனி மட்டும் அரை விரல் அளவு வெட்டுப்படுவது எடுத்தவர் தடுமாறியதைக் காட்டிக்கொடுக்கும். இதேபோலத்தான் மனிதர் படத்தில் மணிக்கட்டில், கணுக்காலில், முழங்காலில் வெட்டுவதும்.

பின்னணியில் ஒட்டிக்கொள்ளுதல் அடுத்த பெரிய கொலைகாரன். தலைக்குப் பின்னால் கிளை முளைப்பது, இரண்டு பறவைகளின் உடல்கள் ஒன்றோடொன்று ஒட்டி எது யாருடைய கழுத்து என்று தெரியாமல் போவது, கறுப்பு எருமை இருட்டு மரத்தோடு கரைவது. உருவத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒரு நூலிழை வெளிச்சம் இருந்தாலே போதும். நாரை கூட்டில் இறங்கும்போது வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டு ஃபிரேம் எடுக்கும் கேமராவில் இருபது படம் கிடைத்திருக்கும். அதில் இரண்டு கழுத்தும் தனித்தனியாகத் தெரிவது இரண்டோ மூன்றோதான். நடத்தையின் உச்சம் ஒரு ஃபிரேமில் இருக்கும், இரண்டு பறவையும் ஒட்டாமல் சுத்தமாகப் பிரிந்து தெரிவது இன்னொன்றில் இருக்கும். நேச்சர் நடுவர் உச்சத்துக்கே அதிகம் கொடுப்பார். ஓபன் நடுவர் சுத்தத்துக்குக் கொடுப்பார். ஒரே தொடரிலிருந்து இரண்டு பிரிவுக்கு இரண்டு வேறு ஃபிரேம் தேர்வது தந்திரமல்ல, சரியான வேலை.

எடிட்டிங்கில் அடி வாங்கும் இடங்களும் எட்டு வினாடிக்குள் தெரிபவைதான். ஷார்ப்பனிங் அதிகமாகி உருவத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு. ஷேடோவைக் கண்டபடி தூக்கியதால் மரத்துக்கும் வானத்துக்கும் இடையே ஒளிவட்டம். நாய்ஸ் நீக்கியதில் இறகு மெழுகாகிவிடுவது. இலையின் பச்சை, இயற்கையில் இல்லாத பச்சையாகிவிடுவது. சிறிய கிராப்பை இழுத்துப் பெரிதாக்கியதால் விவரம் கூழாகிவிடுவது. வானத்தை மாற்றினால் நிழலின் திசையும் மாற வேண்டும்; பலர் வானத்தை மாற்றுவார்கள், தரையில் விழுந்த நிழலை மறந்துவிடுவார்கள். தண்ணீரில் தெரியும் பிம்பத்தில் பழைய வானம் அப்படியே இருப்பதும் அடிக்கடி நடக்கும் கூத்து.

அமெரிக்காவின் தொழில்முறைப் புகைப்படக்காரர் சங்கமான பி.பி.ஏ. ஒரு நல்ல படத்துக்குப் பன்னிரண்டு கூறுகள் என்று பட்டியல் வைத்திருக்கிறது. தாக்கம், படைப்பாற்றல், வடிவமைப்பு, ஒளி, கதைசொல்லல் என்று நீளும் பட்டியல் அது. படத்தை விமர்சித்துப் பேசும்போது அது உதவும். திரைக்கு முன் உட்கார்ந்து பன்னிரண்டையும் யாரும் கூட்டிக் கழிப்பதில்லை, கூட்டவும் கூடாது. கல்லூரி, நிறுவனப் போட்டிகளில் ‘கம்போசிஷனுக்கு 25, தொழில்நுட்பத்துக்கு 25, கருவுக்கு 25, புதுமைக்கு 25’ என்று தாள் கொடுப்பார்கள். அப்படிக் கூட்டினால் எல்லாவற்றிலும் 20 வாங்கிய சப்பையான படம் 80 எடுத்து முதலிடம் பெறும். கருவில் 25, புதுமையில் 25, கொஞ்சம் ஆடிப்போனதால் தொழில்நுட்பத்தில் 10, கம்போசிஷனில் 18 வாங்கிய படம் 78-ல் நின்றுவிடும். பார்த்த எல்லோரும் பேசிக்கொண்டு போவது அந்த இரண்டாவது படத்தைத்தான். கூட்டல் முறையைத் தவிர்க்க முடியாத அமைப்பாளர்கள் அதை முதல் இருபதைப் பிரித்தெடுக்க மட்டும் வைத்துக்கொண்டு, பரிசை மேசையில் வைத்துப் பேசி முடிவு செய்வது நல்லது.

பார்த்த படம், பார்க்காத படம் என்ற பிரச்சினை தனி. யமுனை படித்துறையில் கடற்புறாக்களுக்கு நடுவே படகு, புஷ்கரில் ஒட்டகத்தின் நிழலுருவம், பர்சானா ஹோலியில் வண்ணப்பொடிக்கு நடுவே முகம், கம்பளாவில் சேறு தெறிக்க எருமை, அலங்காநல்லூரில் திமிலைப் பிடித்துத் தொங்கும் இளைஞர். ஒவ்வொன்றும் முதல் முறை பார்க்கும்போது அபாரம். ஒரே நாளில் நாற்பது முறை பார்க்கும் நடுவருக்கு அது ஒரு வகை, படம் என்ற நிலை போய்விடும். நாற்பதில் எது சிறந்தது என்று மட்டும் பார்த்து அதற்கு 5 போடுவார். மற்ற முப்பத்தொன்பதும் தனியாகப் பார்த்தால் 4 வாங்கக்கூடியவையாக இருந்தாலும் 3-ல் நிற்கும். ஜல்லிக்கட்டை அனுப்பக் கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. வாடிவாசலுக்குப் பின்னால் காளையை அவிழ்க்கக் காத்திருக்கும் பெண்மணியின் கையும் கயிறும் அந்த நாற்பதில் சேராது.

வரிசையும் விளையாடும். பிரமாதமான படத்துக்கு அடுத்து வருவது அடிபடும். நான்கு மோசமான படங்களுக்குப் பிறகு வருவது தேவைக்கு மேல் வாங்கும். சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணி நேரம் மோசம். இதற்குத் தீர்வாக ஒருவரின் நான்கு படங்களை அடுத்தடுத்து காட்டாமல் கலைத்து ஓட்டுவார்கள், ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை விளக்கைப் போட்டு இடைவேளை விடுவார்கள். வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் மதிப்பிடும் முறையில் களைப்பு குறைவு, ஆனால் மானிட்டர் பிரச்சினை அதிகம். ஒருவர் நிறம் சரிசெய்த திரையில் பார்ப்பார், இன்னொருவர் ஜன்னல் வெளிச்சம் விழும் லேப்டாப்பில் பார்ப்பார். இரண்டாமவருக்கு உங்கள் படத்தின் இருட்டுப் பகுதி மொத்தமும் ஒரே கறுப்பு.

இதற்காக நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் அது மார்க்காக மாறும். ஃபைலை எஸ்.ஆர்.ஜி.பி. வண்ணவெளிக்கு மாற்றி, புரொஃபைலை (எந்த வண்ணவெளி என்று திரைக்குச் சொல்லும் குறிப்பை) உள்ளே பதித்து அனுப்புங்கள். அடோபி ஆர்.ஜி.பி.யில் விட்டுவிட்டால் பல திரைகளில் தோல் நிறம் செத்துப்போய்த் தெரியும். பல சலூன்களின் எல்லை 1920க்கு 1080 பிக்சல் என்பதால் செங்குத்துப் படத்தின் உயரம் 1080-க்குள் அடங்க வேண்டும். கிடைமட்டப் படத்தைவிட அது திரையில் சிறிதாகவே தெரியும். ஆகவே நுண்ணிய விவரத்தை நம்பி நிற்கும் செங்குத்துப் படம் அடி வாங்கும். அளவைக் குறைத்த பிறகு மட்டும் கடைசியாக லேசாக ஷார்ப்பன் செய்யுங்கள். வானத்தில் தூசிப் புள்ளி இருக்கிறதா என்று நூறு சதவீதத்தில் ஒரு முறை பாருங்கள். கறுப்புப் பின்னணிப் படத்துக்குச் சட்டம் எங்கே முடிகிறது என்று தெரிய ஒன்றிரண்டு பிக்சல் சாம்பல் கோடு போதும், விதி அனுமதித்தால். தடித்த வெள்ளை பார்டரும் கீழே கையெழுத்தும் வேண்டாம். பெயர் தெரிந்தால் தகுதியே போய்விடும். தலைப்பையும் ஒரு முறை யோசியுங்கள். பி.எஸ்.ஏ. விதிப்படி ஒரு படத்துக்கு ஒரே தலைப்புதான். அதன் கறுப்பு வெள்ளை வடிவமும் அதே படம்தான். நேச்சரில் ‘தாய்மையின் பாசம்’ என்று கவிதை பாடுவதைவிட ‘கூட்டுக்குக் குச்சி கொண்டுவரும் மஞ்சள் மூக்கு நாரை’ என்று எழுதினால் நடுவரின் கண் நேராக அலகுக்குப் போகும். இனத்தைத் தவறாக எழுதினால் நேர்மை மேலேயே சந்தேகம் வரும்.

எல்லாப் படமும் ஓடி முடிந்ததும் கணினி ஒரு அட்டவணை தரும். ஒரு கணக்கு உதாரணமாக: 1,000 படம், 280 அளவில் எடுக்க உத்தேசம். 12-ம் அதற்கு மேலும் 170 படம், 11-ல் 120 படம் என்றால் கூட்டி 290, கட்-ஆஃப் 11. தாராளமான நடுவர்கள் அமர்ந்த இன்னொரு சலூனில் 12-ம் அதற்கு மேலுமே 285 என்றால் கட்-ஆஃப் 12. அங்கே 11 வாங்கிய படம் வெளியே, இங்கே உள்ளே. சலூனுக்குச் சலூன் மார்க்கை ஒப்பிடுவதில் பொருளில்லை என்பது இதனால்தான்.

பதக்கச் சுற்று முற்றிலும் வேறு உலகம். எட்டு வினாடி கிடையாது. மேல் மார்க் வாங்கிய இருபது முப்பது படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவர்கள் பேசுவார்கள். முதல் சுற்றில் கத்திய வண்ணம் இங்கே எரிச்சல் தரும். முதல் சுற்றில் அமைதியாக 4, 4, 4 வாங்கி வந்த படம் மூன்றாவது முறை பார்க்கும்போது மேலே ஏறும். ஒவ்வொரு நடுவரும் ஒரு படத்தை முன்மொழிந்து ஏன் என்று சொல்ல வேண்டும். தனக்குத் தெரிந்தவரின் படம் என்று அடையாளம் தெரிந்தால் சொல்லிவிட்டு ஒதுங்குவது மரியாதை. குறை தேடுவதும் இங்கேதான் நடக்கும்: பூச்சியை ஃப்ரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுத்ததா, மீன்கொத்திக்குத் தொட்டியில் மீன் விட்டு எடுத்ததா, கூட்டைச் சுற்றி இலைகளை வெட்டியிருக்கிறார்களா. கூட்டில் வெயில் நேராக விழுந்து, சுற்றிலும் புதிதாக முறிந்த கிளை நுனிகள் தெரிந்தால் அனுபவமுள்ள நேச்சர் நடுவர் அதைத் தொட மாட்டார்.

சந்தேகம் வந்தால் ரா ஃபைல், அதாவது கேமரா பதிவு செய்த மூல ஃபைல் கேட்பார்கள். முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்களையும் கேட்பதுண்டு. தொடரைப் பொய்யாக உருவாக்குவது ஒற்றைப் படத்தைவிடக் கடினம். வேர்ல்ட் பிரஸ் போட்டோ 2015-ல் இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களின் மூல ஃபைல்களைச் சோதித்தபோது 20 சதவீதம் வெளியேற்றப்பட்டது. லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் நடத்தும் வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் போட்டியில் 2009-ல் வென்றது வேலிக் கதவைத் தாண்டும் ஓநாய். அது பழக்கப்பட்ட விலங்காக இருக்க அதிக வாய்ப்பு என்று முடிவு செய்து 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அதே போட்டியில் 2017-ல் ஒரு பிரிவில் வென்ற எறும்புத்தின்னி பாடம் செய்த உடல் என்று நிபுணர்கள் சொன்னதால் 2018-ல் அதுவும் நீக்கப்பட்டது. இரண்டிலும் எடுத்தவர்கள் மறுத்தார்கள். இரண்டும் பல கட்ட நடுவர்களின் கண்ணைத் தாண்டியவை என்பதுதான் விஷயம்: படத்தை மட்டும் பார்த்து நேர்மையைக் கண்டுபிடிக்க ஓர் எல்லை உண்டு.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அந்த எல்லை இன்னும் நெருங்கிவிட்டது. 2023-ல் சோனி உலகப் புகைப்பட விருதில் ஒரு பிரிவில் வென்ற ஜெர்மானியக் கலைஞர், அது ஏ.ஐ. உருவாக்கிய படம் என்று சொல்லிப் பரிசை மறுத்தார். 2024-ல் ‘1839 அவார்ட்ஸ்’ என்ற புகைப்படப் போட்டியின் ஏ.ஐ. பிரிவில் நிஜக் கேமராவில் எடுத்த பூநாரைப் படம் ஒன்று பரிசு வாங்கி, உண்மை தெரிந்ததும் நீக்கப்பட்டது. கண்ணை நம்பி இனி பதக்கம் கொடுக்க முடியாது. ரா ஃபைலைப் பத்திரமாக வையுங்கள். ஜேபெக் மட்டும் எடுப்பவர்கள் நேச்சர் பதக்கத்தை நெருங்கும்போது மாட்டிக்கொள்வார்கள்.

இப்போது உங்கள் நாரைக்குத் திரும்பலாம். 12-க்கும் 9-க்கும் இடையே மூன்று மார்க் வித்தியாசம் என்று நினைக்கிறீர்கள். கட்-ஆஃபோடு வைத்துப் பாருங்கள்: முதல் சலூனில் கோட்டுக்கு ஒரு படி மேலே, இரண்டாவதில் ஒரு படி கீழே. இரண்டு இடத்திலும் அது கோட்டை ஒட்டி நிற்கும் படம்தான். ரிப்போர்ட் கார்டில் நடுவர்வாரியாக மார்க் பிரித்துக் கொடுத்திருந்தால் பாருங்கள். 3, 3, 3 என்றால் யாருக்கும் வெறுப்பும் இல்லை, ஆசையும் இல்லை. உச்ச ஃபிரேம் வேறா என்று தொடரை மறுபடி தேடுங்கள். 4, 4, 1 என்றால் ஒருவர் ஆன்டெனாவைப் பார்த்து விதி மீறல் என்று முடிவு கட்டியிருக்கிறார். அப்படியானால் கீழிருந்தும் இடமிருந்தும் கிராப் செய்யுங்கள், இறக்கை வெள்ளையை ரா ஃபைலிலிருந்து ஒன்றரை ஸ்டாப் (வெளிச்சத்தின் படிநிலை) இறக்கி இறகுக் கோடு வருகிறதா பாருங்கள், வந்தால் அதே தலைப்பில் மறுபடி அனுப்பலாம். வெள்ளையில் ஒன்றும் திரும்ப வரவில்லை என்றால் அந்தப் படத்தை விட்டுவிட்டு, அடுத்த சீசனில் காலை எட்டு மணிக்குள் கூந்தன்குளம் போய்ச் சேருங்கள்.